சாய்ஸில் விட்ட பாடம்

கிளி வகுப்புக்கு வந்த அன்று நான் தூங்கிக்கொண்டிருந்ததாக ஒரு வதந்தி உண்டு. சுத்தப் பொய். கண்ணை மூடியபடி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருட சர்வீஸ் உள்ள எந்தக் கணக்கு வாத்தியாருக்கும் இது கைவரும்.

என் பெயர் செல்வின் பொன்ராஜ். நல்லிமடை அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சாத்தூரிலிருந்து டவுன் பஸ் வழக்கம்போல் இருபது நிமிடம் தாமதமாக வந்தால், நானும் வழக்கம்போல் இருபது நிமிடம் தாமதமாகப் புறப்பட்டு அதைப் பிடித்துவிடுவேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அப்படி ஒரு புரிதல் இருந்தது. 2043 ஜூன் மாதம் வரை.

கிளியைக் கொண்டுவந்தவன் கவின் என்ற பையன். இருபத்தாறு வயது, தாடி, கழுத்தில் அடையாள அட்டை, சென்னைச் சிரிப்பு. கரும்பலகை இருந்த இடத்தில் அதே அளவுக்கு ஒரு திரையை மாட்டினான். திரையில் பச்சைக் கிளி ஒன்று இறக்கையை உதறிவிட்டு, "வணக்கம் நண்பர்களே!" என்றது. முப்பத்தொரு பிள்ளைகளும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். எனக்கு ஒருநாளும் அப்படி எழுந்ததில்லை.

"இதுக்குப் பேரு விடைவேட்டை சார்," என்றான் கவின். "பிரச்சனை வழியா கணக்கு கத்துக்கறது. ஆனா விளையாட்டு."

"பிரச்சனைக்கு இங்க குறைச்சலே இல்லையே தம்பி."

"அதேதான் சார் வேணும்! உங்க புத்தகத்துல எட்டு ஆள் பன்னெண்டு நாள்ல ஒரு கிணறு வெட்டறாங்க. எத்தனை வருஷமா வெட்டறாங்க? யாராவது அதுல ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்காங்களா?"

நியாயமான கேள்வி. நானே ஆயிரம் கிணறு வெட்டியிருக்கிறேன். ஒன்றிலும் ஈரம் கிடையாது.

"இதுல எல்லாம் நிஜக் கிணறு," என்று அவன் தொடர்ந்தான். "பஸ் நேரம், வருகைப் பதிவு, தண்ணித் தொட்டி, சத்துணவு, பரீட்சை மார்க்கு, எல்லாமே கிளிக்குத் தெரியும். உங்க ஊர்ல எது சரியில்லையோ அதைப் பிடிச்சு, சின்னச் சின்னக் கட்டமா உடைச்சு, பிள்ளைங்களுக்கு விளையாடக் குடுக்கும். கடைசி விடையைப் பிள்ளைங்க பெட்டியில போட்டா, அது நேரா அந்தந்தத் துறைக்குப் போயிடும். ஆணை தானா வெளியாகும்."

"யாரும் நடுவுல பாக்க மாட்டாங்களா?"

"எதுக்கு சார்? விடை சரியான்னு கிளிக்குத் தெரியுமே."

"கிளிக்கே தெரியும்னா பிள்ளைககிட்ட என்னத்துக்குக் கேக்குது?"

கவின் சிரித்தான். "வாத்தியார் விடை தெரியாமலா சார் கேள்வி கேப்பாரு?"

நான் சட்டென்று பேச்சை மாற்றினேன். காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வெட்கமாகிவிடும்.

எனக்கு நிகழ்தகவு தெரியாது. பத்தாம் வகுப்புக் கணக்கில் எட்டுப் பாடம். எட்டாவதும் கடைசியும் நிகழ்தகவு. பையில் ஐந்து சிவப்புப் பந்து, மூன்று கறுப்புப் பந்து, பார்க்காமல் ஒன்றை எடு என்பார்கள். ஏன் பார்க்காமல் எடுக்க வேண்டும் என்பதிலேயே நான் நின்றுவிட்டேன். நான் பத்தாவது படித்தபோது என் வாத்தியார், "பத்துக் கேள்வியில ஏழு எழுதினாப் போதும்ல, இந்தப் பாடத்தை சாய்ஸ்ல விட்டுருங்கடா," என்றார். பிளஸ் டூவிலும் கல்லூரியிலும் பி.எட்டிலும் விட்டேன். ஆசிரியர் தேர்வைக்கூட இந்தப் பாடத்தை விட்டுவிட்டுத்தான் எழுதிப் பாஸ் செய்தேன். பிறகு வருடம் தவறாமல் ஜனவரி மாதம் ஒரு நாள், தொண்டையைச் செருமிக்கொண்டு, என் பிள்ளைகளிடமும் அதையே சொல்லிவந்தேன். மற்ற ஏழு பாடத்தில் நான் கில்லாடி, அதையும் சொல்லிக்கொள்கிறேன்.

"ஒரே ஒரு விஷயம் சார்," என்றான் கவின் கிளம்பும்போது. "இதுல சாய்ஸ் கிடையாது."

முதல் பிரச்சனை, பஸ். டவுன் பஸ் ஏன் தினமும் இருபது நிமிடம் தாமதம்? பிள்ளைகள் தூரத்தையும் நேரத்தையும் வரைபடமாக்கினார்கள். என் பிள்ளைகள் வரைபடத் தாளைக் கேட்டு வாங்கியதை அன்றுதான் பார்த்தேன். கோடு ஓரிடத்தில் படுத்துக்கொண்டது. பஸ் நகரவில்லை, நேரம் மட்டும் நகர்கிறது. இருக்கன்குடிக்குச் சாலை பிரியும் விலக்கில் ஒரு வடைக் கடை. ஓட்டுநருக்கு அங்கே ரெண்டு வடை, ஒரு டீ, ஒரு அரசியல் பேச்சு. பெட்டியில் விடையைப் போட்டார்கள். ஒன்பது நிமிடத்தில் ஆணை வந்தது. மறுநாள் பஸ் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனது. நான் சாலையில் நின்று அதன் முதுகைப் பார்த்தேன்.

ஊரே கொண்டாடியது. பள்ளிக்கு மூவாயிரம் புள்ளி. பத்தாயிரம் எடுத்தால் வகுப்பு மொத்தமும் விமானத்தில் போய் ராக்கெட் விடுவதைப் பார்த்து வரலாம். ராக்கெட்டைவிட விமானத்துக்குத்தான் மவுசு. ஜன்னல் ஓரம் யாருக்கு என்று அன்றைக்கே சண்டை தொடங்கிவிட்டது.

இரண்டாவது பிரச்சனை, முட்டை.

எங்கள் சத்துணவுக் கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் குருவம்மாள். அவர் வைக்கும் சாம்பாரில் பருப்பு இருக்கும். இதைக் கேட்டால் பக்கத்துப் பள்ளி வாத்தியார்கள் நம்புவதில்லை. கிளி சொன்னது: "நண்பர்களே! வேகும் முட்டைக்கும் வந்த பிள்ளைகளுக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. எத்தனை முட்டை? யார் காரணம்?"

யாழ்மொழி என்ற பெண்தான் வகுப்புத் தலைவி. கபடி அணிக்கும் அவளே கேப்டன். எந்தக் கணக்கையும் எதிரணிக் கட்டத்துக்குள் நுழைவது மாதிரிக் குனிந்துகொண்டுதான் போடுவாள். இரண்டு வாரம் தினமும் எண்ணினார்கள். நூற்றுப் பத்துப் பேர் வந்தால் நூற்றுப் பதினேழு முட்டை. நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தால் நூற்றுப் பத்தொன்பது.

"நேர்கோடு சார்," என்றாள் யாழ்மொழி, தாளைத் தூக்கிக் காட்டி. "y = x + 7. வெட்டுத்துண்டு ஏழு."

நான் பூரித்துப் போனேன். நேர்கோட்டுச் சமன்பாடு நான் நடத்திய பாடம். அப்படியே உட்கார்ந்து அதை ரசித்துக்கொண்டிருந்தபோது அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"சார், கபடிக்கு எத்தனை பேரு?"

"ஏழு."

"நாங்கதான் சார் அது." அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "வராத பிள்ளைக முட்டையில ஏழு எடுத்து அக்கா எங்களுக்குப் போட்டுருக்காங்க. ஓடியாடுற பிள்ளைக, ஒண்ணு பத்தாதுன்னு. காணாமப் போன முட்டையைத் தேடிக்கிட்டு இருக்கோம், அது எங்க வயித்துக்குள்ள இருக்கு!"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். அந்தச் சிரிப்போடே அவள் போய்ப் பெட்டியில் ஏழு என்று போட்டாள். 'யார் காரணம்' என்ற இடத்தில் ஒரு பெயர்ப் பட்டியல் இறங்கியது. குருவம்மாள் பெயரைத் தொட்டாள். அக்காவைப் பாராட்டுவார்கள் என்று நினைத்தாள். சத்தியமாக நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்குமேல் எழுத அந்தப் பெட்டியில் இடம் இல்லை. இருபத்திரண்டு வருடமாக நான் கத்தியது ஒன்றே ஒன்றுதான்: படிகளை எழுதுங்கள், விடை தப்பானாலும் படிக்கு மார்க் உண்டு. கிளிக்குப் படி வேண்டாம். எண்ணும் பேரும் போதும்.

பதினோரு நிமிடத்தில் ஆணை வந்தது. அரசு முட்டையை விதிக்கு மாறாகக் கையாண்டதால் குருவம்மாள் பணிநீக்கம். அவர் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். யாழ்மொழி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"நான்தான்க்கா போட்டேன். நல்லதுன்னு நெனச்சு…"

"கணக்கு சரியாத்தானத்தா போட்டிருக்க," என்றார் குருவம்மாள். "சரியாப் போட்டதுக்கு எதுக்கு அழுவுற?"

அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஆட்டோவில் சோறு வந்தது. வரும்போதே ஆறியிருக்கும். சாம்பாரில் பருப்பு இருந்ததற்கான தடயம் கிடையாது. பள்ளிக்கு ஐயாயிரத்து நானூறு புள்ளி சேர்ந்து மொத்தம் எட்டாயிரத்து நானூறு ஆனது. அன்று யாரும் ஜன்னல் சீட்டைப் பற்றிப் பேசவில்லை.

நான் கவினுக்கு போன் போட்டுக் கத்தினேன்.

"சார், சார், கொஞ்சம் கேளுங்க. கிளி ஒண்ணும் பண்ணலை. ஒரு மனுஷன் மேல நடவடிக்கை எடுக்கற முடிவை எந்திரம் எடுக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு."

"பெறகு யாரு எடுத்தது?"

"மனுஷங்கதான். விடையைப் போட்டது யாரு?"

போனை மறு காதுக்கு மாற்றினேன். "பதினஞ்சு வயசுப் பிள்ளைகடா அதுக."

"மனுஷங்கதானே சார்," என்றான் அவன், ரொம்ப மரியாதையாக. "சட்டத்துல வயசு போடலை."

மூன்றாவது பிரச்சனை வந்த திங்கட்கிழமை நான் தூங்கவில்லை. கிளி இறக்கையை உதறியது.

"நண்பர்களே! இந்தப் பள்ளியில் கடந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் நிகழ்தகவுக் கேள்விக்கு விடை எழுதிய மாணவர் எண்ணிக்கை: பூஜ்யம். யார் காரணம்? பத்து நாள் அவகாசம்."

முப்பத்தொரு தலையும் மெதுவாக என் பக்கம் திரும்பியது. இதற்கு வரைபடத் தாள் தேவையே இல்லை. நான் சாக்பீஸைத் தேடினேன். சாக்பீஸ் ஒழிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அந்தப் பத்து நாளில் நான் நடந்துகொண்ட விதத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கணக்குப் பாடவேளை மூன்றை விளையாட்டுக்குக் கொடுத்தேன். ஒரு நாள் வகுப்புக்கே வெங்காய பஜ்ஜி வாங்கிப் போட்டேன். சாப்பிட்டார்கள். கடைசி பெஞ்சுப் பையன் மட்டும் சட்னி கேட்டான். கவினிடம் என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். "எடுத்தா பட்டியல்ல யாருமே இருக்க மாட்டாங்க சார்," என்றான்.

வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஐம்பது வயதில், ஏழு பாடம் மட்டும் தெரிந்தவனை யார் வேலைக்கு வைப்பார்கள்? ஆனால் அதைவிடப் பெரிய பயம் வேறு. என் பெயரை அந்தப் பிள்ளைகள் விரலால் தொடுவதை நான் அந்த அறையில் நின்று பார்க்க வேண்டும். வாத்தியாருக்குத் தெரியாது என்பது அதோடு ஊருக்கே தெரிந்துவிடும். இத்தனைக்கும் ஒருநாள்கூட அந்தப் பாடத்தைத் திறந்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பத்தாம் நாள் கவினே நேரில் வந்தான். தலைமை ஆசிரியை ஷர்மிளா பானு பின் பெஞ்சில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளி விடைப் பெட்டியைத் திறந்தது. யாழ்மொழி எழுந்து போனாள். பட்டியல் இறங்கியது. அதில் ஒரே பெயர்.

அவள் பெயரைத் தொடவில்லை. திரையின் அடிமூலையில் கடுகளவு எழுத்தில் ஒரு பொத்தான் இருந்தது. 'கைவிடு'. அதை அழுத்தினாள்.

கிளி இறக்கையை உதறவில்லை. "நண்பர்களே, உறுதிதானா? கைவிட்டால் உங்கள் எட்டாயிரத்து நானூறு புள்ளிகளும் பூஜ்யமாகும். வகுப்பில் ஒருவர் மறுத்தாலும் இது செல்லாது."

முப்பத்தொரு பேரும் வரிசையில் வந்தார்கள். ஒவ்வொருவராக அழுத்தினார்கள். ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்ட இருவரும் வந்து அழுத்தினார்கள். சட்னி கேட்டவன் ரெண்டு தடவை அழுத்தினான்.

"என்ன பண்றீங்க?" என்றான் கவின். அவன் குரல் கீச்சென்று வந்தது. "விடை தெரிஞ்சும் ஏன் விடறீங்க?"

"சாய்ஸ்ல விட்டுட்டோம் சார்," என்றாள் யாழ்மொழி.

அந்தக் கேள்வி அந்த ஆண்டு முழுவதும் திரும்ப வராது. கிளி அதை அறிவித்துவிட்டு மூக்கைத் திருப்பிக்கொண்டது. கவின் பையை எடுத்துக்கொண்டு போனான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்லாசிரியர் விருது அது என்று நினைத்தேன்.

மணி அடித்ததும் யாழ்மொழியை நிறுத்தினேன்.

"ஏம்மா, விமானத்தையே விட்டுட்டீங்களே. என் மேல இவ்வளவு பாசம்னு எனக்குத் தெரியாம…"

"பாசமா?" அவள் முழித்தாள். "இல்ல சார். கணக்கு."

பையிலிருந்து நோட்டை எடுத்தாள். ரெண்டு பக்கம் நிறையப் படிகள். ஒரு படியும் விடாமல், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே மார்ஜின் போட்டு.

"நம்ம ஒன்றியத்துல மூணு வருஷத்துல ஒம்போது பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார் எடம் காலியாச்சு. திரும்ப ஆள் வந்தது ரெண்டு எடத்துல. அப்ப நீங்க போனா புது வாத்தியார் வர வாய்ப்பு ஒம்போதுல ரெண்டு. நீங்க இருந்தா எட்டுல ஏழு பாடம் நடக்கும். ரெண்டையும் பாருங்க சார், எது பெருசு?"

குறுக்கே பெருக்கினேன். அறுபத்து மூன்றும் பதினாறும். பழக்கதோஷம்.

"குருவம்மாக்கா எடத்துக்கும் ஆள் வரலை. சோறாவது ஆறிப்போயி ஆட்டோல வருது. கணக்கு வாத்தியார் அப்படிக்கூட வர மாட்டாரு," என்றாள். "ரெண்டாவது, அக்கா பேரைத் தொட்ட மாதிரி இன்னொரு பேரை நான் தொடுறதா இல்ல. அது கணக்குல வராது. அதைத் தனியா எழுதியிருக்கேன்."

எழுதியிருந்தாள். அடியில் கோடு போட்டு. அதற்குக் கீழே குருவம்மாளைத் திரும்ப எடுக்கச் சொல்லி ஒரு மனு, அதுவும் படிகளோடு, y = x + 7-இல் தொடங்கி. நான் கையெழுத்துப் போட்டேன். அது இன்னும் ஏதோ ஒரு துறையில் இருக்கிறது. குருவம்மாள் இப்போது பஸ் நிறுத்தத்தில் பணியாரம் விற்கிறார். பஸ் மறுபடியும் தாமதமாகிறது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஏம்மா, ஒம்போதுல ரெண்டுங்கிறது… இது நிகழ்தகவுல்ல?"

"ஆமா சார். எட்டாவது பாடம்."

"யாரு நடத்துனா?"

"புத்தகத்துல இருக்கே சார்," என்றாள், புத்தகத்தில் இருப்பது எனக்குத் தெரியாதோ என்கிற சந்தேகத்தோடு. "விடலாமா வேணாமான்னு முடிவெடுக்கணும்ல. அதுக்குத்தான் உக்காந்து படிச்சோம். பத்து நாள் ஆச்சு. நீங்க குடுத்த பி.டி. பீரியடு உதவியா இருந்துச்சு."

நோட்டின் கடைசிப் படியை விரலால் காட்டினாள்.

"இந்த ஒரு எடத்துலதான் சந்தேகம். எட்டாவது பாடத்தை நீங்க எப்பவாவது கத்துக்கிட்டு நடத்துவீங்களான்னு போடணும். தரவே இல்ல. இருபத்திரண்டு வருஷமா நடத்தலதான். ஆனா முயற்சி பண்ணித் தோத்திருந்தா அது தரவு. நீங்க முயற்சியே பண்ணலையே சார். அதனால ஒண்ணும் தெரியாதப்ப பாதின்னு வச்சுக்கிட்டோம்." சிவப்புப் பேனாவை என் பக்கம் நகர்த்தினாள். "அப்படி வைக்கலாமா சார்? சரியா தப்பா?"

பேனாவைத் திறந்தேன். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நான் ஒரு டிக் போட்டுவிடுவேன். அழகாக, நீளமாக வாலிழுத்து. அதைப் போட்ட பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை. பேனா முனையைத் தாளில் வைத்தேன். ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. எடுத்துவிட்டேன்.

"தெரியலம்மா," என்றேன்.

இருபத்திரண்டு வருடத்தில் வகுப்பறைக்குள் நான் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. யாழ்மொழி என்னைப் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்து, அந்த ½-ஐ அழித்துவிட்டு, மேலே ஊதித் தூசியைத் தள்ளினாள்.

"இப்ப ஒரு தரவு வந்துருச்சு சார். தெரியலன்னு சொன்னதே ஒரு படி, மேல ஒண்ணு கீழ ஒண்ணு கூட்டிக்கலாம்," என்று சொல்லிவிட்டு ⅔ என்று எழுதினாள். பையை மாட்டிக்கொண்டு கபடிக்கு ஓடிவிட்டாள்.

அன்று வீட்டுக்குப் போய்ப் பாடப்புத்தகத்தை எடுத்தேன். கடைசிப் பாடத்தின் பக்கங்கள் அச்சகத்திலிருந்து வந்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்கேலால் பிரித்தேன். மறுநாள் துணிப்பையும் எட்டுப் பந்தும் வாங்கினேன். அவள் எழுதியது சரிதான் என்று எனக்கு விளங்கப் பதினேழு நாள் ஆனது.